ஆவடி டிப்போவும் சைக்கிள் டியூபும்

சைக்கிள் டியூபுக்கு உலக அளவுல ஒரு நம்பர் இருக்கு, தெரியுமா மக்களே? 4013.20. கார், பஸ், லாரி டியூப்னா 4013.10. மத்த ரப்பர் டியூப் எல்லாம் 4013.90. பெரும்பாலான நாடுகளோட சுங்கத்துறை இந்த நம்பரை வச்சுதான் சரக்கை வகை பிரிக்குது. (நம்ம பாஷையில சொன்னா பிரைமரி கீ. பொட்டி தட்டுறவன் புத்தி வேற எங்க போகும்!)

இந்த நம்பரோட பூர்வீகத்தைத் தேடிப் போனா ஸ்காட்லாந்து, அமேசான், இலங்கை, மலாயான்னு சுத்திட்டு, நான் குடியிருக்கிற பாரிவாக்கத்துக்குப் பக்கத்து ஊர்ல வந்து நிக்குது. அதனாலதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

காற்றடைத்த டயருக்கு முதலில் காப்புரிமை வாங்கியவர் டன்லப் இல்லை. ராபர்ட் வில்லியம் தாம்சன் என்கிற ஸ்காட்லாந்துக்காரர், 1845-ல். ரப்பர் பூசிய துணியில ஒரு குழாய், அதுக்கு மேல தோல் உறை, இதைக் குதிரை வண்டிச் சக்கரத்துல மாட்டினார். சைக்கிளே சரியா வராத காலம், யாரும் கண்டுக்கலை. பிறகு 1888-ல் பெல்ஃபாஸ்ட் நகரத்துக் கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப், தன் மகனோட மூணு சக்கர சைக்கிளுக்காகச் செஞ்சு பார்த்ததுக்குக் காப்புரிமை வாங்கினார். தாம்சன் முந்திக்கிட்டதால அந்தக் காப்புரிமை அப்புறம் செல்லாமப் போச்சு. ஆனா பேர் மட்டும் டன்லப்புக்கே நிலைச்சுது.

ஆரம்பத்துல டயரைச் சக்கரத்தோட ஒட்டி வச்சிருந்தாங்க. பஞ்சர் ஆனா ஒரு நாள் பொழப்பு போச்சு. 1891 வாக்கில் கழட்டி மாட்டுற டயர் வந்தது. டயரைக் கழட்ட முடிஞ்சப்பதான் உள்ளே இருக்கிற டியூபைத் தனியா உருவி, தண்ணியில முக்கி, முட்டை வர்ற இடத்தைப் பார்த்து ஒட்ட முடிஞ்சுது. டியூப் தனியா வாங்கி விக்கிற சரக்கானதும் அப்பதான். நம்ம பஞ்சர் கடை அண்ணன்களோட தொழில் பிறந்த கதை இது.

சைக்கிள் பெருக, பின்னாடியே கார் வர, ரப்பருக்கு உலகமே பறந்தது. அதுவரைக்கும் ரப்பர் காட்டுல கிடைச்ச பொருள். அமேசானும் காங்கோவும்தான் முக்கியமான இடங்கள். காங்கோவுல பெல்ஜியம் அரசர் லியோபோல்டின் ஆட்கள் ரப்பருக்காகச் செஞ்ச கொடுமைகளைப் படிச்சா சோறு இறங்காது.

இதுக்கு நடுவுல, 1876-லேயே ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோயிருந்தார். முளைச்ச கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்கு வந்து, கம்பஹா பக்கம் ஹெனரத்கொட தோட்டத்தில் நடப்பட்டது. அடுத்த வருஷம் 22 கன்றுகள் சிங்கப்பூர் போச்சு. இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் மலாயா முழுக்க ரப்பர் காடு.

மரம் வந்தாச்சு. பால் வெட்ட ஆள்?

இங்கதான் நம்ம ஏரியா வருது. ஆவடி டிப்போன்னா நமக்கெல்லாம் பஸ் டிப்போதான் ஞாபகம் வரும். ஆனா மலாயாவுக்குக் கூலியாட்கள் போறதுக்கு இரண்டு டிப்போ இருந்தது. ஒண்ணு நாகப்பட்டினத்தில், இன்னொண்ணு ஆவடியில். திருச்சி, தஞ்சாவூர், சேலம், வடஆற்காடுன்னு பல ஊர்லேர்ந்து கங்காணி ஆள் சேர்ப்பார். டிப்போவில் தங்க வச்சு, மருத்துவப் பரிசோதனை பண்ணி, அம்மை குத்தி, கப்பலேத்துவாங்க. 1926-லிருந்து ஓடிய ரஜூலா கப்பலைப் பத்தி பெரியவங்க சொல்லிக் கேட்டிருப்பீங்க. டிக்கெட் இலவசம். தோட்ட முதலாளிகள்கிட்ட வசூலிச்ச நிதியிலேர்ந்து அதுக்குப் பணம் போச்சு.

அங்கே போனா விடியறதுக்கு முன்னாடியே பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. குளிர்ச்சி இருக்கும்போதுதான் பால் நல்லா வடியும், வெயில் ஏறினா குறைஞ்சிடும். அதனால இருட்டுலயே மரத்துக்கு மரம் ஓட்டம். 1930-களின் ஆரம்பத்தில் உலகப் பொருளாதாரம் படுத்ததும் ரப்பர் விலை அடிமட்டத்துக்குப் போச்சு. கூலியைக் குறைச்சாங்க, பல்லாயிரம் பேரை ஊருக்கே திருப்பி அனுப்பினாங்க. விலை ஏறினா கூப்பிடு, இறங்கினா அனுப்பு. (ஐடி கம்பெனி பெஞ்ச் எல்லாம் இதுக்கு முன்னாடி ஜுஜுபி.) 1938-ல் இந்திய அரசு இந்த ஆள் அனுப்புறதைத் தடை செஞ்சது.

1941 டிசம்பரில் ஜப்பான் ராணுவம் மலாயாவில் இறங்கியது. பல வீரர்கள் வந்தது சைக்கிளில். வெயில்ல டயர் வெடிச்சதும் வெறும் இரும்பு ரிம்முலயே ஓட்டிட்டுப் போனாங்களாம். ராத்திரியில அந்தச் சத்தம் டாங்க் வர்ற மாதிரி கேட்டுதாம். உலகத்துக்கே ரப்பர் கொடுத்த மண்ணுல டயரில்லாத சைக்கிள்!

அடுத்து நடந்ததுக்குச் சிரிக்க முடியாது. தோட்டங்களிலிருந்த பல்லாயிரம் தமிழர்களை சயாம் – பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோனாங்க. காலரா, பசி, அடி. அங்கே இறந்த நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்கு தாய்லாந்தின் காஞ்சனபுரியில் வரிசையா, பேர் பொறிச்ச கல்லறைகள் இருக்கு. தோட்டத் தமிழர்களுக்கு அப்படிப் பேர் பொறிச்ச கல்லறை வரிசை கிடையாது.

ஜப்பான்கிட்ட ரப்பர் சிக்கினதும் அமெரிக்கா செயற்கை ரப்பரில் முழுமூச்சா இறங்கிச்சு. அதுல ஒண்ணு, 1937-ல் கண்டுபிடிச்ச பியூட்டைல். பெட்ரோலியத்திலிருந்து வருவது, இயற்கை ரப்பரைவிடப் பல மடங்கு நல்லா காத்தைப் பிடிச்சு வைக்கும். போருக்கப்புறம் டியூப் உலகம் மெதுவா அதுக்கு மாறிச்சு. எந்த டியூபுக்காக இத்தனை பேர் கடல் தாண்டினாங்களோ, அந்த டியூபுக்கே மரத்துப் பால் பெருசா தேவையில்லைன்னு ஆயிடுச்சு.

இன்னொரு பக்கம், 1949-ல் தொடங்கின டிஐ சைக்கிள்ஸ் அம்பத்தூரில் சைக்கிள் செய்ய ஆரம்பிச்சது. 1959-ல் அதே அம்பத்தூருக்கு டன்லப்பே வந்துச்சு. 1910-லேயே மலாயாவில் ரப்பர் தோட்டம் வாங்க ஆரம்பிச்ச டன்லப்போட இந்தியக் கம்பெனிதான் அது. ஆவடி டிப்போவிலேர்ந்து கூப்பிடு தூரம். அந்த ஆலையும் 2005-ல் கைமாறி, சில வருஷங்களில் அடங்கிப் போச்சு.

டியூபைக் கண்டுபிடிச்சவர் பேர் தெரியும், விதை கொண்டுபோனவர் பேர் தெரியும், கப்பல் பேர்கூடத் தெரியும். பால் வெட்டினவங்க பேர் மட்டும் அவங்கவங்க வீட்டுலதான் இருக்கு. உங்க வீட்டுல மலாயாவுக்கோ இலங்கைக்கோ போன தாத்தா, பாட்டி கதை இருந்தா, பேர், ஊர், கப்பலேறின வருஷத்தோட எழுதி வைங்க. பின்னூட்டத்தில் நாலு வரி போட்டாலும் போதும். கேட்டுச் சொல்ல ஆள் இருக்கிறப்பவே கேட்டுடுங்க.