“எந்த எழுத்து?” – கொரிய ஆண்பெயர்களில் பொருள் உறையும் இடம்

கொரிய ஆண்பெயர்களுக்குப் பொருள் கூறும் பட்டியல்கள் பல புழக்கத்தில் உள்ளன. மின்-ஜுன் என்றால் இன்னது, ஜி-ஹுன் என்றால் இன்னது என்று பெயருக்கு ஒரு பொருளாக அவை எழுதிச் செல்கின்றன. பெயரின் ஒலிக்குள்ளேயே பொருள் இருக்கிறது என்னும் நம்பிக்கைதான் அவற்றின் அடிப்படை. அந்த நம்பிக்கை தவறு என்பதே என் வாதம். கொரிய ஆண்பெயரின் பொருள் முதலில் அதை எழுதப் பயன்படும் சீன எழுத்தில் இருக்கிறது. அதைவிட ஆழமாக, உடன்பிறந்தாரின் பெயர்களோடு சேர்ந்து நிற்கும் வரிசையில் இருக்கிறது.

யொங்-சு என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். 1948ஆம் ஆண்டிலும் 1958ஆம் ஆண்டிலும் தென்கொரியாவில் பிறந்த ஆண்குழந்தைகளுக்கு மிகுதியாக வைக்கப்பட்ட பெயர் இது. ‘யொங்’ என்ற ஒலிக்கு நெடுமை, செழிப்பு, மலர் எனத் தனித்தனிச் சீன எழுத்துகள் உண்டு. ‘சு’வுக்குச் சிறந்து விளங்குதல், ஆயுள், காத்தல் ஆகிய எழுத்துகளோடு, கன்பூசியஸ் பிறந்த சூஃபூ நகரை ஒட்டி ஓடிய ஓர் ஆற்றின் பெயரும் உண்டு. இவற்றை மட்டும் இணைத்தாலே பன்னிரண்டு பெயர்கள் கிடைக்கும். பன்னிரண்டும் காதுக்கு ஒன்றுதான். ஆகவேதான் பெயரைக் கேட்ட கொரியர், “எந்த எழுத்து?” என்று அடுத்துக் கேட்பார். மறுமொழியும் ஒரு மரபுப்படியே வரும். ‘உயிர்’ என்னும் தூய கொரியச் சொல்லை முன்வைத்து ‘மோக்சும் சு’ என்பார் ஒருவர். ‘சிறந்த’ என்பதை முன்வைத்து ‘ப்பேயொனால் சு’ என்பார் இன்னொருவர். கொரிய மொழியின் பொருளும் சீன வழி வந்த ஒலியும் கைகோத்தால்தான் பெயரின் ஓர் அசை விளங்குகிறது.

ஆனால் எழுத்து தெரிந்தால் எல்லாம் தெரிந்துவிடுமா? தெரியாது என்பதற்குக் கடற்படைத் தளபதி யி சுன்-சின் (1545–1598) பெயரே சான்று. ‘சுன்’ என்பது ஷுன் என்னும் சீனத் தொன்மப் பேரரசரின் பெயர். ‘சின்’ என்றால் அமைச்சர். தனியாகப் பார்த்தால் ‘ஷுன் மன்னரின் அமைச்சர்’ என்ற விசித்திரமான பெயராகத்தான் அது தோன்றும். அவருடைய சகோதரர்களை வரிசையில் நிறுத்தினால் பொருள் சட்டென்று திறக்கிறது. மூத்தவர் ஹுய்-சின், அடுத்தவர் யோ-சின், மூன்றாமவர் சுன்-சின், கடைசித் தம்பி உ-சின். ஃபூசி, யாவ், ஷுன், யூ என்னும் தொன்ம ஆட்சியாளர் நால்வரும் காலவரிசைப்படி நான்கு மகன்களின் பெயர்களில் அமர்ந்திருக்கிறார்கள். நல்லாட்சிக்குத் துணைநிற்கும் மக்களாகப் பிள்ளைகள் வளரவேண்டும் என்ற ஒரே வாழ்த்தைத் தந்தை நான்காகப் பகிர்ந்து வைத்திருக்கிறார். அதன் கால்பங்குதான் ‘சுன்-சின்’.

அடுத்த தலைமுறை இன்னும் நுட்பமானது. சுன்-சினின் மகன்கள் ஹ்வே, யொல், மியொன். அண்ணன் மகன்கள் சிலர் புன், வான். இப்பெயர்களுக்குள் ஒலியொற்றுமை ஏதுமில்லை. சீன எழுத்தில் எழுதிப் பார்த்தால் ஒவ்வொன்றின் தலையிலும் புல்லைக் குறிக்கும் உறுப்பு ஒன்று நிற்கிறது. இது கண்ணுக்கு மட்டுமே தெரியும் உறவு. 1446இல் வெளியிடப்பட்ட கொரிய ஒலியெழுத்தில் இதே பெயர்களை எழுதினால் அந்த உறவு மறைந்துபோகும். பட்டியல்களில் மறைவதும் இதுதான்.

உடன்பிறந்தாரும் பங்காளி மக்களும் பகிர்ந்துகொள்ளும் இந்த எழுத்துக்குத் தொல்லிம்ஜா என்று பெயர். சுற்றி வரும் எழுத்து என்று சொல்லலாம். பிற்காலக் குலங்கள் பலவும் இதை ஐம்பூதச் சுழற்சியோடு இணைத்தன. மரம் நெருப்பை வளர்க்கும், நெருப்பு மண்ணாகும், மண் உலோகத்தைத் தரும், உலோகம் நீரைத் தரும், நீர் மரத்தை வளர்க்கும். தந்தையின் தலைமுறைப் பெயரில் நெருப்பு உறுப்பு இருந்தால் மகன் தலைமுறையில் மண் வரவேண்டும். சாம்சங் குடும்பத்தில் இதைக் காணலாம். நிறுவனர் லீ பியொங்-சொலின் மகன்கள் மேங்-ஹுய், சாங்-ஹுய், கொன்-ஹுய். ‘ஹுய்’யின் அடியில் நெருப்பு இருக்கிறது. பேரர்கள் ஜே-யொங், ஜே-ஹியொன். ‘ஜே’யில் மண் இருக்கிறது. எழுத்தின் இடமும் கடையிலிருந்து முதலுக்கு மாறியிருப்பதைக் கவனிக்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஆலை நடத்தும் ஹூண்டாய் குடும்பத்திலும் இந்த இடமாற்றம் உண்டு. நிறுவனர் ஜொங் ஜு-யொங், தம்பியர் இன்-யொங், சே-யொங். மகன்கள் மோங்-கு, மோங்-ஹொன், மோங்-ஜுன். பேரர்கள் உய்-சொன், ஜி-சொன், கி-சொன். ஒருவர் எந்தத் தலைமுறை, யாருக்கு யார் சித்தப்பா என்பது பெயரைக் கண்டதுமே புலப்படும். ‘மோங்’ என்றால் கனவுதான். ஆனாலும் மோங்-கு என்ற பெயரைக் கேட்கும் குலத்தாருக்குக் கனவு நினைவுக்கு வராது, தலைமுறைதான் வரும்.

தந்தையின் எழுத்து மகனுக்கு வரக்கூடாது என்பது இம்முறையின் உள்விதி. பெற்றோர் பெயரைத் தவிர்க்கும் பழைய வழக்கம் அதன் பின்னால் இருக்கிறது. வடகொரிய ஆட்சிக் குடும்பத்தை இந்த ஒளியில் பார்க்க வேண்டும். இல்-சொங்கின் ‘இல்’ மகன் ஜொங்-இல்லுக்கும், அவருடைய ‘ஜொங்’ மகன் ஜொங்-உனுக்கும் இறங்கியிருக்கிறது. உடன்பிறப்பைக் காட்டவேண்டிய எழுத்து அங்கே வாரிசுரிமையைக் காட்டும் எழுத்தாகிவிட்டது.

சீன எழுத்துப் பெயரே கொரியருக்குத் தொன்றுதொட்டு வந்ததா என்றால், இல்லை. 512இல் உசான் என்னும் தீவு நாட்டைச் சில்லா அரசுக்கு அடிப்படுத்திய தளபதியை இசாபு என்கிறோம். 1145இல் தொகுக்கப்பட்ட ‘சாம்குக் சாகி’ என்னும் வரலாற்று நூல் அவருக்குத் தேஜொங் என்ற இன்னொரு பெயரையும் தருகிறது. அதில் முதலெழுத்துக்குப் பாசி என்று பொருள். கொரியத்தில் பாசி ‘இக்கி’; ‘இசா’ அதன் பழைய வடிவத்தின் ஒலிப்பெயர்ப்பு. அவ்வாறே 545இல் வரலாறு தொகுத்த கொசில்புவுக்கு ஹ்வாங்ஜொங் என்றும் பெயர். ‘கொசில்’ கரடுமுரடு என்னும் கொரியச் சொல், ‘ஹ்வாங்’ அதே பொருளுடைய சீன எழுத்து. ஒரே மனிதருக்கு வாயில் ஒரு பெயர், ஏட்டில் ஒரு பெயர். இந்த இரட்டைப் பெயர்களே கொரியப் பெயரியலின் திறவுகோல் என்று கருதுகிறேன்.

பிற்கால ஜோசொன் அரசமரபுக் காலத்திலும் பெயர் ஒன்றாக இல்லை. 1536இல் காங்னுங்கில் பிறந்த யி இ என்ற அறிஞருக்கு, தாய் கண்ட கனவில் டிராகன் வந்ததால், ‘டிராகனைக் காணுதல்’ என்னும் பொருளில் ஹியொன்-ன்யொங் என்று குழந்தைப் பெயர் இட்டார்கள். வளர்ந்தபின் சுக்-ஹொன் என்ற மரியாதைப் பெயரும், யுல்-கோக் என்ற புனைபெயரும் சேர்ந்தன. இயற்பெயரை நாவால் சொல்லத் தயங்கிய சமூகம் அது.

கொரியாவை ஆண்ட ஜப்பானியக் குடியேற்ற ஆட்சி 1939 நவம்பரில் பிறப்பித்த ஆணை குடும்பப் பெயர்களையே மாற்றச் செய்தது. 1940 பிப்ரவரி முதல் ஆகஸ்ட் வரையிலான பதிவுக் காலத்தில் ஏறத்தாழ 80 விழுக்காட்டுக் குடும்பங்கள் ஜப்பானியப் பாணிப் பெயர் பதிந்தன. கிம் குடும்பத்தார் பலர் கானெமோதோ என்றார்கள். அதன் முதலெழுத்து கிம்மை எழுதும் அதே எழுத்து. ஒலியைப் பறிகொடுத்தவர்கள் எழுத்துக்குள் ஒளிந்துகொண்டார்கள். 1946இல் தெற்கில் பழைய பெயர்கள் மீண்டன. இன்றைய பெயர்சூட்டும் நிலையங்களில் பரவலான, கோடுகளை எண்ணி நலம் கணிக்கும் முறையோ 1920களில் ஜப்பானில் உருவாகிக் குடியேற்றக் காலத்தில் நுழைந்தது. அதைத் தொன்மரபு என்பது சரியன்று.

2015 கணக்கெடுப்பின்படி கிம், லீ, பாக் என்ற மூன்று குடும்பப் பெயர்களுக்குள்ளேயே மக்களில் ஏறத்தாழ 45 விழுக்காட்டினர் அடங்குவர். ஆளை வேறுபடுத்தும் சுமை முழுதும் இயற்பெயரின் இரண்டு அசைகள்மேல் விழுகிறது. அந்த அசைகளோ இன்று இனிமைக்காகத் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. 1988இல் ஜி-ஹுன், 1998இல் தோங்-ஹியொன், 2008இல் மின்-ஜுன் என முன்னிலை மாறியது. பெற்றோர் ஒலியை முதலில் விரும்பி, அதற்குப் பொருந்தும் எழுத்தைப் பின்னர் தேடுகிறார்கள். தேடும் இடத்துக்கும் எல்லை உண்டு. 1991 முதல் பெயருக்குரிய சீன எழுத்துகளை அரசு வரையறுத்தது, 2015இல் அது 8,142 ஆக விரிந்தது. ஹன்-கியொல் (மாறாமை), ஹன்-சோல் (பெரும் பைன்), காராம் (ஆறு) போன்ற தூய கொரியப் பெயர்களும் பரவியுள்ளன. பட்டியல்கள் சொல்லும் ‘ஒரு பெயர், ஒரு பொருள்’ இவற்றுக்கு மட்டுமே பொருந்தும். பதிவேட்டில் இவற்றுக்குச் சீன எழுத்துக் கட்டம் வெறுமையாகவே இருக்கும்.

இம்மாற்றத்தைப் பண்பாட்டுச் சிதைவு என்று நான் கொள்ளவில்லை. வரிசைக்கு ஆள் வேண்டும். 2023இல் தென்கொரியாவின் மொத்தக் கருவுறுதல் வீதம் 0.72. தம்பியும் இல்லை, தந்தைக்கு உடன்பிறந்தாரும் இல்லை என்றால், ஓர் எழுத்தை அந்தச் சிறுவன் யாரோடு பகிர்வான்? இருந்தும் குலப் பெரியவர்கள் விட்டுவிடுவதில்லை. பள்ளியில் வேறு பெயரால் அழைக்கப்படும் பேரனுக்கு, ஜொக்போ என்னும் குலவரலாற்று ஏட்டில் மட்டும் தலைமுறை எழுத்து சேர்ந்த ஒரு பெயரைப் பதிந்துவைக்கும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. இசாபுவுக்கும் தேஜொங் என்ற பெயர் ஏட்டில்தான் இருந்தது.