எந்த மஞ்சள்? வசந்த பஞ்சமி ஆடையின் வரலாறு

மாக மாத வளர்பிறை ஐந்தாம் நாள் வசந்த பஞ்சமி. அன்று என்ன உடுப்பது என்று வட இந்தியாவில் யாரும் குழம்புவதில்லை; மஞ்சள்தான். சரஸ்வதியை நவராத்திரியின் முடிவில் வணங்கும் நமக்கு இந்த நாள் சற்று அந்நியமானது. தாலிச் சரடும் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு உடுத்தும் ஆடையும் மஞ்சளாகக் கொண்ட நாம், கடனில் மூழ்கியவர் கொடுப்பதையும் மஞ்சள் கடுதாசி என்கிறோம். ஒரே நிறத்துக்கு ஊருக்கு ஊர் பொருள் மாறும். வசந்த பஞ்சமி ஆடையிலும் எந்த மஞ்சள், எதில் தோய்த்த மஞ்சள், யார் உடுத்திய மஞ்சள் என்று கேட்கத் தொடங்கினால் பல ஊர்களுக்கும் பல காலங்களுக்கும் போய்வர வேண்டியிருக்கிறது.

பழைய வடமொழி இலக்கியத்தில் வசந்தத்தின் ஆடை மஞ்சளாக மட்டும் இருக்கவில்லை. காளிதாசனுடையதாகக் கருதப்படும் ருதுசம்ஹாரத்தின் வசந்தப் பகுதியில் பெண்கள் குசும்பப்பூச் சாயத்தில் சிவந்த பட்டை இடையிலும், குங்குமப்பூவின் நிறமேறிய மெல்லிய துகிலை மார்பிலும் அணிகிறார்கள். குசும்பப்பூவில் இரண்டு நிறங்கள் உண்டு. நீரில் அலசினால் முதலில் மஞ்சள் கரைந்து வெளியேறும். அதன்பின் காரம் சேர்த்தால்தான் சிவப்பு பிரியும். சிவப்பை விரும்பிய சாயக்காரர்கள் மஞ்சளை வேண்டாததாகக் கழுவி ஓடவிட்டார்கள் என்பது நம் விஷயத்தில் ஒரு வேடிக்கை. 7ஆம் நூற்றாண்டு ஹர்ஷரின் ரத்னாவளியில் மதன உற்சவத்தின்போது கௌசாம்பி நகரம் முழுவதும், பொன்னை உருக்கி ஊற்றியதுபோல மஞ்சளாகத் தெரிகிறது. ஆனால் அங்கே மஞ்சள் பெரிதும் வாரி இறைத்த வாசனைப் பொடியின் நிறம்.

மஞ்சள் ஆடை வழக்கத்துக்குக் கடுகு வயலைக் காரணம் காட்டுவார்கள். கங்கைச் சமவெளியிலும் பஞ்சாபிலும் பஞ்சமி வரும் வேளையில் கடுகு பூத்து நிற்கும். வயலின் நிறத்தையே மனிதர்களும் உடுத்திக்கொள்கிறார்கள். இதைச் சாத்திரக் கட்டளையாகக் காட்டுவோரைவிட இந்த விளக்கத்தையே நாம் நம்புகிறோம். ஏனெனில் அன்று பூசை பெறும் தேவிக்கு மரபு சொல்லும் ஆடை வெள்ளை. வெண்ணிற உடையாளை மஞ்சள் உடுத்தவர்கள் வணங்கும் காட்சிக்கு நூலைவிட நிலமே பொருத்தமான சாட்சி.

நிலத்துக்குச் சமய வேலி கிடையாது. தில்லியில் நிஜாமுதீன் அவுலியாவின் தர்காவிலும் இந்நாளில் மஞ்சள்தான். அதற்கொரு மரபுக்கதை உண்டு. தம் உறவினரான இளைஞர் தகியுத்தீன் நூஹ் இறந்த துயரில் அவுலியா பேச்சையும் சிரிப்பையும் மறந்திருந்தார். ஆசானை எப்படித் தேற்றுவது என்று கவலையுற்றிருந்த கவிஞர் அமீர் குஸ்ரோ, மஞ்சள் உடுத்துக் கடுகுப்பூ ஏந்திக் கோயிலுக்குப் பாடிச் சென்ற இந்துப் பெண்களைக் கண்டார். தாமும் அவ்வாறே உடுத்து, கடுகுப்பூவுடன் ஆடிப்பாடி அவர் முன் போய் நின்றார். அவுலியா சிரித்தார். இருவரும் காலமானது 1325இல். மஞ்சள் துண்டும் கடுகுப்பூவும் கவ்வாலியுமாக அந்த நாள் இன்றும் அங்கே கொண்டாடப்படுகிறது. கதை நடந்ததா என்பதைவிட, ஒரு துக்க வீட்டை நோக்கி மஞ்சள் ஆடை நடந்து போனதாக ஒரு சமூகம் நினைவு வைத்திருப்பதே நமக்கு முக்கியமாகப் படுகிறது.

லாகூரில் இதே நிறம் அரசாணையின் கம்பீரத்தோடு வருகிறது. 1832 பிப்ரவரி 6 அன்று ரஞ்சித் சிங்கின் வசந்த விழாவைக் கண்ட அலெக்சாண்டர் பர்ன்ஸ், 1834இல் வெளியான தம் பயண நூலில் அதை விவரித்திருக்கிறார். சுமார் இரண்டு மைல் நீளத்துக்கு வீதிபோல அணிவகுத்து நின்ற படைவீரர்கள் அனைவருக்கும் மஞ்சள் சீருடை. படைத்தலைவர்களும் பிரபுக்களும் மஞ்சளுடுத்துக் காணிக்கை செலுத்தினார்கள். பத்து உறைகளில் பொதிந்திருந்த கிரந்த சாகிபின் வெளியுறை அன்றைக்கென்று மஞ்சள் வெல்வெட். மஞ்சள் பூப்பூக்கும் செடி ஒன்றுகூட அன்று தப்பியிருக்காது என்று பர்ன்ஸ் வியக்கும் அளவுக்குப் பூக்கள் குவிந்திருந்தன.

வங்கத்துக்கு வந்தால் நிறத்துக்குத் தனிப்பெயரே இருக்கிறது: பாசந்தி, அதாவது வசந்தத்துக்குரியது. எலுமிச்சையின் வெளிறலுக்கும் கடுகின் அடர்த்திக்கும் இடைப்பட்டது. துறவியின் காவியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. செயற்கைச் சாயங்கள் பரவுமுன் இந்த நிறத்தை வீட்டிலேயே எடுக்க ஒரு வழி இருந்தது. அவர்கள் சியுலி என்னும் நம் பவழமல்லி பூப்பது இலையுதிர்காலத்தில். வெள்ளை இதழைக் கிள்ளி நீக்கி, செம்மஞ்சள் காம்பை மட்டும் உலர்த்திச் சேமித்து, வசந்தம் வரும்போது கொதிக்கவைத்துத் துணியை அதில் தோய்ப்பார்கள். குங்குமப்பூவின் நிறத்துக்குக் காரணமான பொருளின் இனமே இக்காம்பிலும் இருக்கிறது. குங்குமப்பூ வாங்க இயலாதவரும் காளிதாசனின் துகிலுக்குப் பக்கத்தில் வந்துவிடலாம். ஒரு குறை: சாயம் நிற்காது. நாலைந்து சலவையில் வெளுத்துவிடும். அடுத்த ஆண்டு மறுபடி பூப் பொறுக்க வேண்டும்.

சரஸ்வதி பூசையன்று பள்ளிச் சிறுமிகள் அம்மாவின் பாசந்திச் சேலையை முதன்முதலாகச் சுற்றிக்கொள்வது வங்காளிகளின் பொது நினைவு. சேலை நீளம், உடுத்தவள் குட்டை, ஊசிகள்தான் காப்பாற்றும். கடைகளில் இன்று மஞ்சளில் மின்னாத துணியில்லை. நம்மைக் கேட்டால், சிவப்புக் கரையிட்ட மெல்லிய பருத்திச் சேலையும் கூந்தலில் ஒற்றைப் பூவும் போதும். அதற்கு மேல் ஏறும் சரிகை ஒவ்வொன்றும் கடுகு வயலிலிருந்து ஓரடி தள்ளி நிற்கிறது. பலாச மரக்கிளைகளை ஒடித்துச் சூடிக்கொள்வதும் வேண்டாம்.

சாந்திநிகேதனின் மஞ்சளை இன்று எல்லோரும் படங்களில் பார்த்திருப்போம். அங்கே வசந்த உற்சவம் ஹோலிப் பௌர்ணமிக்கு உரியது. ஆனால் அதன் முன்னோடியான ருது உற்சவம் 1907இல் ஒரு வசந்த பஞ்சமியன்று நடந்தது; முன்னின்று நடத்தியவன் தாகூரின் இளைய மகன் சமீந்திரநாத், பத்து வயதுச் சிறுவன். அதே ஆண்டு நவம்பரில் முங்கேரில் காலராவில் அவன் இறந்துபோனான். அடுத்த வசந்தத்தை அவன் பார்க்கவில்லை. விழாவைத் தந்தை நிறுத்தவில்லை. பருவங்களுக்கான பாடல்களையும் நாடகங்களையும் எழுதிக்கொண்டே இருந்தார். பெண்கள் மஞ்சள் சேலையில் மாந்தோப்பினூடே ஆடிவரும் ஊர்வலம் அந்தப் பள்ளியின் அடையாளமாகப் பின்னாளில் நிலைத்தது.