மண்சரிவும் மீட்போர் பாதுகாப்பும்

செமோரில் கந்தான் சுண்ணாம்புக் குன்றுகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு மலை சரியும் என்பது புதிய செய்தியன்று. 1973 அக்டோபரில் ஈப்போ குனோங் செரோவில் பாறை பெயர்ந்து 40 பேர் மாண்டனர். குளிர்நாடுகளில் பனி சரிகிறது. இங்கே மழையில் ஊறிய மண் சரிகிறது. இரண்டிலும் மீட்கச் செல்வோருக்கு ஆபத்து ஒன்றே. முதல் சரிவோடு மலை அடங்கிவிடுவதில்லை.

1993 டிசம்பர் 11-இல் கோலாலம்பூர் அருகே ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடி சாய்ந்து 48 பேர் இறந்தபோது, வெளிநாட்டு மீட்புக் குழுக்களும் வர வேண்டியிருந்தது. மறு ஆண்டே ‘ஸ்மார்ட்’ என்னும் சிறப்பு மீட்புக் குழு அமைக்கப்பட்டது.

2022 டிசம்பர் 16 விடியுமுன், பத்தாங் காலியில், கெந்திங் செல்லும் மலைச் சாலையோரம் கூடாரங்களில் உறங்கியவர்கள்மீது மண் சரிந்தது. 61 பேர் பிழைத்தனர். 31 பேர் மாண்டனர். மோப்ப நாய்கள் இடம் காட்ட, மண்வாரி இயந்திரங்கள் தோண்டின. மழை வலுத்தால் தேடுதல் நின்றது. உள்ளே ஆள் கிடக்க இவர்கள் ஒதுங்கி நிற்கிறார்களே என்று நம்மில் சிலருக்குத் தோன்றும். அது கோழைத்தனமன்று. ஈரமண் மறுபடி இறங்கினால் மீட்பவரையும் அல்லவா தேட வேண்டிவரும்? இத்தகைய இடங்களில் ஒருவர் தோண்டாமல் மேட்டையே பார்த்து நிற்க வேண்டும். அவர் ஊதல் ஊதியதும், மண்வெட்டியைப் போட்டுவிட்டு, முன்பே குறித்த வழியில் எல்லோரும் விலகிவிட வேண்டும்.

பத்தாங் காலியில் கடைசி உடல் டிசம்பர் 24-இல் கிடைத்தது.