நுண்நெகிழியும் விலங்குகளின் பாலணுக்களும்

5 மில்லிமீட்டருக்கும் சிறிய நெகிழித் துகளே நுண்நெகிழி. அது கடலில் மிதப்பதை 1972இலேயே எட்வர்ட் கார்ப்பென்டரும் கென்னத் ஸ்மித்தும் சர்காசோ கடலில் கண்டு எழுதிவிட்டார்கள். பாலணுக்களான விந்தணுவையும் சினைமுட்டையையும் அது என்ன செய்கிறது என்று கேட்க மேலும் நாற்பதாண்டு ஆயிற்று. பிளிமத் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் தாம்சன் குழு 2004இல் 'மைக்ரோபிளாஸ்டிக்' என்ற சொல்லைப் பரவலாக்கியது. 2008இல், மட்டியின் குடலுக்குள் போன துகள்கள் அதன் உடல் திரவத்திலும் கலப்பது தெரிந்தது. விழுங்கியது கழிவோடு போய்விடும் என்று இருந்துவிட இனி இடமில்லை.

திருப்புமுனை, பிரான்ஸின் இஃப்ரெமர் கடலாய்வு நிறுவனத்தார் 2016இல் வெளியிட்ட சிப்பி ஆய்வு. சிப்பி செவுள்களால் நீரை வடித்து, அதிலுள்ள நுண்பாசியை உண்ணும் உயிர். பாசியின் அளவே இருக்கும் 2, 6 மைக்ரான் பாலிஸ்டைரீன் நெகிழி உருண்டைகளைத் தொட்டி நீரில் கலந்தார்கள். பசிபிக் சிப்பிகள் முட்டையும் விந்தும் உருவாகும் பருவத்தில் இரண்டு மாதம் அந்த நீரில் இருந்தன. முட்டைகளின் எண்ணிக்கை 38 சதவீதம் குறைந்தது. முட்டையின் விட்டம் 5 சதவீதம் சுருங்கியது. விந்தணுவின் வேகம் 23 சதவீதம் தளர்ந்தது. அவற்றுக்குப் பிறந்த இளவுயிரிகளும் 41 சதவீதம் குறைவு. இத்தனைக்கும் அந்தச் சிப்பிகள் பட்டினி கிடக்கவில்லை, வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே பாசி தின்றன. தின்றதன் ஆற்றல் உடலைக் காப்பதற்கே செலவாகி, இனப்பெருக்கத்துக்குப் போய்ச்சேரவில்லை என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கம். இந்தத் துறையில் என்னை மிகவும் கலங்கவைக்கும் செய்தி இதுதான்.

சோதனைகளில் பயன்படும் துகள் அளவு உண்மையான கடலில் இருப்பதைவிட அதிகம் என்ற மறுப்பும் அதே ஆண்டில், சிப்பி ஆய்வு வெளியான அதே இதழில் வந்தது. நியாயமான மறுப்பு, இன்றும் செல்லும்.

2018இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் நானோ துகளுக்கு இறங்கினார்கள். 50 நானோமீட்டர் உருண்டைகள் சிப்பியின் கருத்தரிப்பையே குறைத்தன. மேற்பரப்பில் அமீன் பூசிய, நேர்மின்னேற்றம் கொண்ட துகள்களே மிகக் கொடியவை. அளவோடு மேற்பூச்சும் முக்கியம் என்று இதனால் விளங்கியது.

பாலூட்டிகளில் எலிச் சோதனைகள் பல நடந்தன. 2023இல் பசுவின் சினைப்பைத் திரவத்திலேயே நுண்நெகிழி கிடைத்தது. 2024இல் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தின் ஷியாவ்ஜோங் யூ குழு 47 நாய்களின் விரைகளையும் 23 மனித விரைகளையும் ஆராய்ந்தது. எல்லாவற்றிலும் நுண்நெகிழி இருந்தது. பிவிசி என்ற நெகிழி வகை மிகுந்த நாய் விரைகளில் விந்தணு குறைந்திருந்தது; ஆனால் அதற்கு பிவிசிதான் காரணம் என்று இந்த ஆய்வைக் கொண்டு மட்டும் சொல்லிவிட முடியாது. மனித மாதிரிகள் வேதிப்பொருளில் பதப்படுத்தப்பட்டிருந்ததால், அவற்றில் விந்தணுவை எண்ணவே வழியில்லாமல் போயிற்று.