தந்தை வழி வந்த உளி

கொட்டாஞ்சேனைப் பொன்னம்பலவாணேசர் கோயிலுக்குச் செல்லும் அன்பர்கள் அதன் கருங்கல் தூண்களை அண்ணாந்து பாராது திரும்புவதில்லை. பொன்னம்பல முதலியார் எடுப்பித்த அக்கோயிலை, அவர்தம் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கருங்கல்லாற் புதுக்கினார் என்பதை நம்மவர் யாவரும் அறிவர். ஆனால் அக்கல்லை அளந்து செதுக்கியோர் யாவர் எனக் கேட்பின், விடை சொல்ல வல்லார் மிகச் சிலரே. எடுப்பித்தவர் பெயர் நிற்கும். கட்டியவர் பெயர் மறையும். இவ்வழக்கத்துக்கு விலக்காக, நம் காலத்திலேயே பெயர் விளங்க வாழ்ந்த ஸ்தபதி ஒருவரைப் பற்றி ஈண்டு எழுதுகின்றோம்.

கணபதி ஸ்தபதி 1927ஆம் ஆண்டு பிள்ளையார்பட்டியிற் பிறந்தார். தந்தையார் வைத்தியநாத ஸ்தபதி சிற்ப நூலிலும் உளியிலும் ஒருங்கே வல்லவர். மைந்தரோ காரைக்குடி அழகப்பா கல்லூரியிற் கணிதம் பயின்றார். கல்லூரிப் படிப்பு முடித்த வாலிபர் உத்தியோகம் தேடுவதே உலக வழக்கம். வெள்ளவத்தையில் வாழும் நமக்கு இதை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. இவர் தந்தையின் பட்டறைக்கே திரும்பினார்.

கணிதம் அங்கே வீண்போகவில்லை. சிற்பத்தில் முகத்தின் நீளமே அளவுகோல். அதனைத் தாளம் என்பர். அந்த ஓர் அளவு பிழைத்தால் உருவம் முழுவதும் பிழைத்துவிடும்.

1957இல் தமிழக அரசு மாமல்லபுரத்தில் சிற்பப் பயிற்சி நிலையம் ஒன்றை அமைத்து, வைத்தியநாத ஸ்தபதியைத் தலைமை ஏற்கச் செய்தது. அதுகாறும் தந்தை மகனுக்கும், ஆசான் தன் மாணாக்கனுக்கும் மட்டுமே ஓதிவந்த கலை, வகுப்பறையில் வைத்து யாவர்க்கும் கற்பிக்கப்படலாயிற்று. குலத்தின் செல்வத்தைத் தெருவில் இறைப்பதா என்று தயங்காமல் தந்தையார் இதனைச் செய்தது, அவர் அமைத்த எக்கோயிலினும் பெரிய பணி என்பது எமது துணிபு. அறுபதுகளின் தொடக்கத்தில் மைந்தர் அப்பொறுப்பை ஏற்று 1988 வரை நடத்தினார்.

1976இல் திறக்கப்பெற்ற சென்னை வள்ளுவர் கோட்டத்தின் கற்றேர் அவர் கைவண்ணமே. ஆயினும் கன்னியாகுமரித் திருவள்ளுவர் சிலையே அவரை உலகறியச் செய்தது. அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்கு 38 அடிப் பீடம். ஏனை இரு பால்களின் 95 அதிகாரங்களுக்கு 95 அடிச் சிலை. ஆக 133 அடி. கடல் நடுவே பாறையில், சவுக்கு மரச் சாரம் கட்டி, டன் கணக்கான கற்களை ஒன்றன்மேலொன்றாக ஏற்றினர். சிலையின் உள்ளே வெற்றிடம். இடுப்பிலே சிறு ஒசிவு. அந்த ஒசிவைக் கல்லடுக்கிற் கொண்டுவருதல் எளிதன்று. 2000ஆம் ஆண்டு ஜனவரி 1ஆந் திகதி திறக்கப்பெற்றது. 2004 டிசம்பரில் நம் கீழ்க்கரையை அழித்த ஆழிப்பேரலை கன்னியாகுமரியிலும் எழுந்தது, சிலை நிலைபெயரவில்லை.

சிற்ப நூல்கள் கூறும் மயனும், மத்திய அமெரிக்க மாயரும் ஒரே மரபினர் என அவர் நம்பினார். 1995இல் அங்கே சென்று கட்டடங்களை அளந்தும் பார்த்தார். வரலாற்றறிஞர் இதனை ஏற்கவில்லை; எமக்கும் ஏற்க இயலவில்லை. ஆனால் கல்லை அளப்பதில் அவரோடு வழக்காட வல்லார் யார்?

2009இல் இந்திய அரசு பத்மபூஷண் விருதளித்தது. அவர் தம் இறுதிப் பெரும்பணியாகிய ஹவாய்த் தீவின் இறைவன் கோயில் நம் நாட்டோடும் தொடர்புடையது. அதனைத் தொடங்கிய சிவாய சுப்பிரமுனிய சுவாமி, யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகளின் அமெரிக்கச் சீடர். கற்கள் 1990 முதல் பெங்களூருக்கு அருகே இயந்திரமின்றிக் கையுளியாற் செதுக்கப்பட்டுக் கப்பலேறின. 2011இல் ஸ்தபதி மறைந்தார். சிற்பிகள் வேலையை நிறுத்தவில்லை. 2023 மார்ச்சில் அங்கே கும்பாபிஷேகம் நிறைவேறியது.