நந்தா விளக்கு முதல் மின்னொளி வரை: ஆலய விழாக்களில் ஒளித்தொண்டு

இறைவனை ஒளி வடிவாகக் கண்டு வழிபடுவது தொன்றுதொட்டு வரும் மரபு. ஆலயத்தில் விளக்கேற்றுவது இருளை நீக்குவதற்காக மட்டும் அன்று; அதுவே ஒரு வழிபாடு. ஆயினும் ஒரு விளக்கு அணையாமல் எரிய வேண்டுமாயின் பக்தி மட்டும் போதாது. எண்ணெயும் திரியும் வேண்டும். காற்றுக்கும் மழைக்கும் மறைப்பு வேண்டும். யாவற்றுக்கும் மேலாக அதனைக் கவனித்துக்கொள்ளும் ஓர் ஆள் வேண்டும். திருவிழாக் காலத்தில் கோபுரமெங்கும் ஒளிரும் விளக்குகளைக் கண்டு மகிழும் அடியார்கள், அவ்வொளிக்குப் பின்னுள்ள உழைப்பின் வரலாற்றையும் அறிந்துகொள்வது பயனுடையதாகும்.

சோழர் காலத்து ஏற்பாடு

சோழர் காலக் கல்வெட்டுகளில் மிகுதியாகக் காணப்படும் அறங்களுள் ஒன்று நந்தா விளக்கு, அதாவது இரவு பகலாக அணையாது எரியும் விளக்கு. ஒரு விளக்கிற்குப் பெரும்பாலும் 96 ஆடுகள் அளிக்கப்பட்டன. அவற்றை ஏற்றுக்கொண்ட இடையர், நாள்தோறும் ஓர் உழக்கு நெய்யைக் கோயிலுக்கு அளந்து தரக் கடமைப்பட்டார். முதிர்ந்த ஆடுகள் மடிந்தாலும் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கை குறையாமல் காக்க வேண்டும் என்பதால், அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ எனக் கல்வெட்டுகள் குறிப்பிட்டன. கொடையாளியின் பெயரோடு, ஆடுகளை ஏற்ற இடையரின் பெயரும் பல கல்வெட்டுகளில் பொறிக்கப்பட்டிருப்பது கருதத்தக்கது. பொருள் தந்தவரும் உழைப்பைத் தந்தவரும் ஒரே கல்லில் இடம் பெற்றனர்.

ஆலயம் கண்டவரே மின்சாரமும் கண்டார்

மலேசியத் திருநாட்டின் ஆலய வரலாற்றில் கா. தம்புசாமி பிள்ளையின் பெயர் அழியா இடம் பெற்றது. கோலாலம்பூரில் 1873ஆம் ஆண்டு ஸ்ரீ மகாமாரியம்மன் ஆலயம் அமையக் காரணமாக இருந்தவர் அவர். பத்துமலைக் குகையில் 1891இல் முருகப்பெருமான் வழிபாட்டைத் தொடங்கி வைத்தவரும் அவரே. அங்குத் தைப்பூச விழா 1892 முதல் கொண்டாடப்பட்டு வருகிறது.

அதே தம்புசாமி பிள்ளையும் சீனத் தொழிலதிபர் லோக் இயூவும் 1894ஆம் ஆண்டு ரவாங்கிலிருந்த தங்கள் ஈயச் சுரங்கத்தில் மின்னாக்கி ஒன்றை நிறுவினர். இந்நாட்டில் மின்சாரம் பயன்பட்டதற்குக் கிடைக்கும் முதற்பதிவு இதுவேயாகும். 1895இல் கோலாலம்பூர் இரயில் நிலையங்கள் மின்வசதி பெற்றன. 1949இல் மத்திய மின்சார வாரியம் தோன்றியது. எனினும் மின்சாரம் எல்லாச் சிற்றூர்களையும் தோட்டங்களையும் எட்டுவதற்கு மேலும் பல பத்தாண்டுகள் ஆயின.

தலையில் சுமந்த ஒளி

தைப்பூசம், மாசிமகம், பங்குனி உத்திரம், சித்திரைப் பௌர்ணமி ஆகிய பெருவிழாக்கள் முழுநிலவை ஒட்டியே வருகின்றன. இரவில் நடந்து செல்வோருக்கு நிலவொளி துணையாயிற்று. சுவாமி வீதியுலாவுக்குத் தீவட்டிகள் துணையாயின. பின்னர் வந்தது, காற்றழுத்தத்தால் மேலெழும் மண்ணெண்ணெயை வெப்பத்தால் ஆவியாக்கி எரிக்கும் ‘பெட்ரோமாக்ஸ்’ எனும் செருமானிய விளக்கு. மக்கள் இதனைக் ‘கேஸ் விளக்கு’ என்றே அழைத்தனர்.

இதன் வெண்ணிற ஒளிக்குக் காரணம் ‘மேண்டில்’ எனும் சிறு வலைக்கூடு. 1885இல் ஆஸ்திரிய அறிஞர் ஔவர் உருவாக்கிய இக்கூட்டில், பிற்காலத்தில் தோரியம் எனும் தனிமம் சேர்க்கப்பட்டது. தோரியம் அடங்கிய மணல், இன்றைய குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் 1909இல் கண்டறியப்பட்டு, மேண்டில் தொழிலுக்காகவே ஏற்றுமதியாயிற்று. தமிழ்க் கடற்கரையின் மணலும் உலகின் இரவுகளுக்கு ஒளியூட்டியது என்பது பலரும் அறியாத செய்தி.

ஒருமுறை எரிந்தபின் மேண்டில் வெறும் சாம்பற்கூடே. சிறு அதிர்ச்சியிலும் உதிர்ந்துவிடும். அத்தகைய விளக்கைச் சும்மாடு வைத்த தலையில் சுமந்து, சுவாமிக்கு முன்னும் பின்னும் நிதானமாக நடந்தனர் தொண்டர்கள். ஒளி மங்கும்போதெல்லாம் நின்று காற்றடிக்க வேண்டும். தலைக்குமேல் வெப்பத்தையும் தாங்க வேண்டும். தோட்டப்புறங்களில் லயன் வீடுகளின் முன் எழுந்த திருமணப் பந்தல்களிலும் தாலி கட்டும் வேளைக்கு ஒளி தந்தவை இவ்விளக்குகளே.

அலங்காரமும் கணக்கும்

மின்சாரம் வந்தபின் சுமை தலையிலிருந்து கம்பிக்கு மாறியது; பொறுப்பு மாறவில்லை. 60 வாட் பல்புகள் 500 கொண்டு கோபுரத்தை அலங்கரித்தால் 30,000 வாட் மின்சாரம் வேண்டும். 240 வோல்ட் இணைப்பில் இது 125 ஆம்பியர் ஆகும். கம்பியின் தாங்குதிறனை அறியாமல் விளக்குகளைக் கூட்டிக்கொண்டே போனால் கம்பி சூடேறித் தீப்பற்றும். இன்றைய எல்.இ.டி. விளக்குகள் 7 வாட்டில் ஏறத்தாழ அதே ஒளியைத் தருவதால், 500 விளக்குகளுக்கும் 15 ஆம்பியருக்குக் குறைவாகவே போதுமானது.

எனினும் அபாயம் முற்றிலும் நீங்கிவிடவில்லை. அபிஷேக நீரால் நனைந்த தரையில் அடியார்கள் வெறுங்காலுடன் நிற்கின்றனர். வெள்ளித்தகடு வேய்ந்த தேரில் ஒரு கம்பியின் உறை கிழிந்தாலும் தேர் முழுவதும் மின்சாரம் பாயக்கூடும். ஆதலின், மின்கசிவு ஏற்பட்டால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் பாதுகாப்புக் கருவி, தகுதி பெற்ற மின்பணியாளரின் சோதனை, மழைக்கு மறைப்பு, மாற்று மின்னாக்கி ஆகியவை அலங்காரத்திற்கு முன்பே திட்டமிடப்பட வேண்டியவை. ஆலயத் திருமண மண்டபங்களுக்கும் இது பொருந்தும். ஓமப்புகையையும் மலர்த்தோரணத்தையும் எண்ணிப் பாராமல் மணவறையின் மிக அருகில் வெப்பமிகு விளக்குகளைப் பொருத்துவது மணமக்களுக்கு இடரே தரும்.

அணையாத ஒன்று

இத்தனை மாற்றங்களுக்கிடையேயும் கருவறையில் எண்ணெய் விளக்கே இன்றளவும் சுடர்கிறது. மணவறையில் முதலில் ஏற்றப்படுவது குத்துவிளக்கே. தீபாராதனையின்போது மின்விளக்குகளைத் தணித்து, கற்பூர ஒளியில் இறைவன் திருமுகத்தைக் காட்டும் வழக்கமும் பல ஆலயங்களில் உண்டு.

மறந்துபோன வழக்கம் ஒன்றும் உண்டு. இன்று மின்விளக்கு அலங்காரத்தின் உபயதாரர் பெயர் பலகையில் எழுதப்படுகிறது, அது முறையே. ஆனால் கோபுரத்தில் ஏறிக் கம்பி கட்டியவர், இரவெல்லாம் மின்னாக்கியின் அருகில் விழித்திருந்தவர், அக்காலத்தில் கேஸ் விளக்குச் சுமந்து நடந்த முதியவர் ஆகியோரின் பெயர்கள் எங்கும் எழுதப்படுவதில்லை. இடையரின் பெயரையும் கல்லில் பொறித்தவர்கள் சோழர் காலத்தவர். அவ்வழியைப் பின்பற்றி, ஒவ்வோர் ஆலயமும் தன் ஒளித்தொண்டர்களின் பெயர்களைக் கேட்டறிந்து விழாமலரில் பதிவு செய்யுமாயின், அதுவும் ஒரு நந்தா விளக்காகும். கேஸ் விளக்குக் காலத்தவருள் சிலரேனும் இன்னும் வாழும்போதே இப்பணி தொடங்கப்பெறுதல் வேண்டும். அதற்கு எல்லாம் வல்ல இறைவனின் திருவருள் துணை நிற்பதாக.