உடைந்த சக்கரமும் உத்தரவாதப் பத்திரமும்

புதிதாக வாங்கிய மோட்டார் வண்டியொன்று ஈராண்டு ஓடுமுன்னரே முன்சக்கரத்தில் முனகத் தொடங்குகின்றது. முதலில் மெல்லிய இரைச்சல்; வேகங் கூடக் கூட அது உறுமலாகின்றது; வளைவிலே திரும்பும்போது ஒரு பக்கத்துக்குக் குறைந்து மறுபக்கத்துக்கு மிகுகின்றது. சக்கரத்தின் குடத்துள்ளே எஃகுக் குண்டுகளைத் தாங்கிச் சுழலும் பெயாரிங் காலத்துக்கு முன்னரே கெட்டுவிட்டது. உடையவர் வண்டியை விற்பனையாளரிடம் கொண்டுசென்று, உத்தரவாதப் பத்திரத்தைக் காட்டி, புதிய உறுப்பைக் கேட்கின்றார். கொடுக்க மறுத்தால் வழக்காடவும் பல நாடுகளில் வழியுண்டு. இவ்வளவும் இன்று இயல்பாகத் தோன்றுகின்றன. எனினும், சக்கரம் பிழைத்தால் வண்டியைச் செய்தவரே விடை கூறவேண்டும் என்னும் கொள்கை சட்டநூல்களிலே தானாக முளைத்ததன்று. அதனை நீதிமன்றங்கள் ஏற்பதற்கு முன் பலர் வண்டியிலிருந்து தூக்கியெறியப்பட வேண்டியிருந்தது.

கதை குதிரை வண்டியிலே தொடங்குகின்றது. 1840 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இங்கிலாந்திலே தபால் வண்டியொன்று வழியில் முறிந்தது. அதனை ஓட்டிச் சென்ற வின்டர்பொட்டம் என்பவர் முடவரானார். அவ்வண்டியைப் பழுதின்றி வைத்திருப்பதாகத் தபாலதிபருடன் ஒப்பந்தஞ் செய்திருந்தவர் ரைட் என்பவர். வின்டர்பொட்டம் அவர்மீது வழக்குத் தொடுத்தார். 1842 இல் எக்ஸ்செக்கர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது. ரைட் வாக்குக் கொடுத்தது தபாலதிபருக்கேயன்றி வண்டியோட்டிக்கன்று; ஆதலின் வண்டியோட்டிக்கு அவரைக் கேட்க உரிமையில்லை என்பது தீர்ப்பின் சாரம். இவ்வழக்கை ஏற்றுக்கொண்டால், வண்டி கவிழ்ந்த வேளையில் வீதியாற் சென்று காயமடைந்த வழிப்போக்கனும் வழக்காட வந்துவிடுவான் என்று பிரதம நீதிபதி அபிங்கர் பிரபு அஞ்சினார். அந்த வழிப்போக்கன் ஏன் வழக்காடலாகாது என்ற கேள்வி அன்று மன்றில் இருந்தோருக்குப் பெரிதாகத் தோன்றவில்லை போலும்.

அமெரிக்க நீதிமன்றங்களும் இவ்விதியையே பின்பற்றின. நஞ்சு போன்ற, இயல்பாகவே உயிருக்கு ஆபத்தான பொருள்களுக்கு மாத்திரம் விலக்கு அளிக்கப்பட்டது. 1852 இல் நியூயோர்க்கிலே, தீங்கற்ற மூலிகைச் சாறு என்று பெயரொட்டிய சாடியில் பெலடோனா நஞ்சு இருந்தமைக்கு, அதனை முதன்முதல் அனுப்பிய வியாபாரி பொறுப்பாளியாக்கப்பட்டார். சக்கரமோ நஞ்சன்று.

இந்நிலையிலேதான் மோட்டார் வண்டி வந்து சேர்ந்தது. அதனோடு புதியதொரு வியாபார முறையும் வந்தது. வண்டியைப் பொருத்துவது ஒரு கம்பனி. அதற்குச் சக்கரம் செய்து கொடுப்பது வேறொரு கம்பனி. விற்பவர் ஊரிலுள்ள விற்பனையாளர். ஓட்டுபவர் இவர்களுள் கடைசியானவரை மாத்திரம் அறிந்த ஒருவர். ஊர்த் தச்சனிடம் வண்டி செய்வித்தவன் பிழை கண்டால் அவன் பட்டறை வாசலிலே போய் நிற்கலாம். மிச்சிகன் மாகாணத்துத் தொழிற்சாலையின் வாசலிலே யார் போய் நிற்பது?

நியூயோர்க் மாகாணத்தின் கால்வே என்னுஞ் சிற்றூரில் வாழ்ந்தவர் டொனால்ட் மக்பேர்சன். கல்தச்சுத் தொழில் செய்தவர். 1910 இல் ஸ்கெனெக்டடி நகர விற்பனையாளரிடம் அவர் ஒரு பியூயிக் வண்டி வாங்கினார். மூவர் இருந்து செல்லக்கூடிய சிறிய வண்டி. சக்கரங்கள் மரத்தால் இயன்றவை. அக்காலத்து வண்டிகளுக்கு வட்டையும் ஆரக்கால்களும் ஹிக்கரி மரத்திலே செய்வது வழக்கமாயிருந்தது. நன்கு முற்றி உலர்ந்த ஹிக்கரி அடியையும் அதிர்ச்சியையும் தாங்கும். பழுதுபட்ட மரம் மேலே வண்ணம் பூசிய பின்னர் நல்ல மரம் போலவே கண்ணுக்குத் தோன்றும்.

1911 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் மக்பேர்சன் அயலவர் ஒருவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் வழியில், சரடோகா ஸ்பிரிங்ஸ் நகருக்கு அண்மையில், சக்கரமொன்றின் ஆரக்கால்கள் நொறுங்கின. வண்டி குலைந்தது, அவர் வெளியே எறியப்பட்டுக் காயமுற்றார். அப்போது வண்டி மணிக்கு 8 மைல் வேகத்திலேயே சென்றதாக வழக்கேடுகளிற் குறிக்கப்பட்டுள்ளது. 50 மைல் வேகத்திற் செல்வதற்கென அமைக்கப்பட்ட வண்டி அது.

மக்பேர்சன் விற்பனையாளரை விட்டு, பியூயிக் கம்பனியின் மீதே வழக்குத் தொடுத்தார். கம்பனியின் விடை எளிதாயிருந்தது. சக்கரத்தைத் தாம் செய்யவில்லை. பிளின்ட் நகரத்து இம்பீரியல் சக்கரக் கம்பனியிடம் வாங்கினர். அக்கம்பனி நற்பெயர் பெற்றது. அதனிடம் பெற்ற 80,000 சக்கரங்களுள் அதற்குமுன் ஒன்றேனும் பழுதுபட்ட மரத்தாலானதென்று தெரியவந்ததில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, மக்பேர்சனுக்கும் தமக்குமிடையில் ஒப்பந்தம் எதுவுமில்லை. முதல் விசாரணையில் வழக்குத் தள்ளப்பட்டது. மேன்முறையீட்டின் பின் நிகழ்ந்த இரண்டாம் விசாரணையில் யூரிமார் ஏறக்குறைய 5,000 டொலர் நட்டஈடு வழங்கினர். இறுதியில் வழக்கு நியூயோர்க் மாகாணத்தின் அதியுயர்ந்த மேன்முறையீட்டு மன்றுக்குச் சென்றது.

1916 மார்ச் 14 ஆந் திகதி அங்கே தீர்ப்பெழுதியவர் பெஞ்சமின் கார்டோசோ. பின்னர் 1932 இல் அமெரிக்க நாட்டின் உயர் நீதிமன்றத்தில் அமர்ந்த பெரியார் அவரே. அவர் பழைய விலக்கைத் தூக்கியெறியவில்லை, அதனை விரித்தார். ஒரு பொருள் கவலையீனமாகச் செய்யப்பட்டால் உயிருக்கு ஆபத்து விளையும் என்று முன்னரே அறியக்கூடுமாயின், அப்பொருள் நஞ்சாயினும் சக்கரமாயினும் ஒன்றே. வாங்கியவரல்லாத பிறரும் அதனைச் சோதியாமலே பயன்படுத்துவர் என்று செய்தவர் அறிந்திருந்தால், ஒப்பந்தம் இருப்பினும் இல்லாவிடினும் கவனமாகச் செய்யும் கடமை அவருக்குண்டு. சக்கரத்தை வேறொருவரிடம் வாங்கியமையால் அதனைச் சோதிக்கும் கடமை நீங்கிவிடாது. இவ்வழக்கிலோ சோதித்திருந்தால் பழுது புலப்பட்டிருக்கும், சோதனை நடைபெறவில்லை. வண்டியைச் செய்தவர் விற்பனையாளருக்கு மாத்திரமே கடமைப்பட்டவர் என்ற வாதத்தை அவர் கையாண்ட விதந்தான் மிக நயமானது. அந்த வண்டியில் ஏறிச் செல்லமாட்டார் என்று ஓரளவு உறுதியாகச் சொல்லத்தக்க ஒரே மனிதர் அந்த விற்பனையாளர். சட்டம் அவரை மட்டும் காத்து, ஏறிச் செல்பவரைக் கைவிடுவதா என்று கேட்டார். குதிரை வண்டிக் காலத்துத் தீர்ப்புகள் மோட்டார் வண்டிக் காலத்துக்குப் பொருந்தா என்றும் எழுதினார்.

பிரதம நீதியரசர் வில்லார்ட் பார்ட்லெட் மாத்திரம் மாறுபட்டார். அவர் 1842 இன் விதியையும் 80,000 சக்கரங்களையும் சுட்டிக் காட்டினார். அவர் கூற்றை எள்ளுவதற்கில்லை. 80,000 இல் ஒன்று பிழைத்தால், செய்தவர் பெரும்பாலுங் கவனமுடையவர் என்றே எவருங் கூறுவர். ஆனால் அந்த ஒன்றின் மீது அமர்ந்திருந்தவருக்கு மீதி 79,999 ஆலும் பயனில்லை.

இத்தீர்ப்பு எத்துணைப் புதியது என்பதை மற்றொரு வழக்கால் அறியலாம். ஜோன்சன் என்பவர் வாங்கிய கடிலாக் வண்டியின் முன்சக்கரமும் அவ்வாறே நொறுங்கிற்று. அதிலும் மரம் உளுத்தது. 1915 இல் நியூயோர்க்கிலிருந்த கூட்டாட்சி மேன்முறையீட்டு மன்று அவருக்கு உரிமையில்லை என்றது. மக்பேர்சன் தீர்ப்பு வெளிவந்த பின் அவ்வழக்கு மீண்டும் வந்தபோது, 1919 இல் அதே மன்று தன் கருத்தை மாற்றிக்கொண்டது. நான்கு ஆண்டுகளில் சக்கரம் மாறவில்லை, சட்டம் மாறியது. 1932 இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபையும், ஸ்கொத்லாந்துப் பெண்மணி ஒருவர் அருந்திய இஞ்சிப் பானப் போத்தலின் வழக்கிலே, மூவருக்கு இருவர் என்ற வாக்கில் இதே வழியிற் சென்றது. அட்கின் பிரபு கார்டோசோவின் தீர்ப்பை அங்கே எடுத்துப் போற்றினார்.

செய்தவரின் கவலையீனத்தை மெய்ப்பித்தால் வெல்லலாம் என்றாயிற்று. கம்பனிகளுக்கு இன்னுமொரு கேடயம் இருந்தது. அதுதான் உத்தரவாதப் பத்திரம். வாங்குபவரைக் காப்பதற்கென்றே அது எழுதப்பட்டதென்று பலரும் எண்ணுவர். 1955 மே மாதத்தில் நியூ ஜெர்சி மாகாணத்திலே குளோஸ் ஹெனிங்சன் என்பவர் அன்னையர் தினத்தை முன்னிட்டுத் தம் மனைவிக்கு வாங்கிய பிளிமத் வண்டியின் பத்திரம் வேறு விதமாக இருந்தது. 90 நாளுக்குள் அல்லது 4,000 மைலுக்குள் பழுதுற்ற உறுப்பைச் செலவு செலுத்தித் தொழிற்சாலைக்கு அனுப்பினால், கம்பனி சோதித்துப் பார்த்து மாற்றித் தரும். வேறெந்தப் பொறுப்பும் இல்லை. இவ்வாசகம் விற்பனைப் பத்திரத்தின் பின்பக்கத்துச் சிற்றெழுத்துகளில் இருந்தது. மோட்டார்க் கம்பனிகளின் சங்கம் வகுத்த ஒரே வாசகமாதலின், வேறு கம்பனிக்குப் போனாலும் வாங்குபவருக்குக் கிடைப்பது இதுவே. 1958 இல் மூன்று பெருங் கம்பனிகளே நாட்டின் கார் உற்பத்தியில் 93.5 வீதத்தைச் செய்தன.

வண்டி 468 மைல் ஓடியிருந்தது. வாங்கிப் பத்து நாள் சென்று ஹெலன் ஹெனிங்சன் ஓட்டிச் செல்கையில் அடியிலே ஏதோ முறியும் ஓசை கேட்டது. கைச்சக்கரம் கையை மீறிச் சுழன்றது. வண்டி வலப்புறம் திரும்பிச் செங்கற் சுவரில் மோதிற்று. முன்பகுதி முற்றாக நசுங்கியமையால் எந்த உறுப்புப் பழுதுற்றதென்று காட்டவே முடியவில்லை. தொழிற்சாலைக்கு அனுப்பிச் சோதிப்பிக்கும்படி கூறும் பத்திரம் அவருக்கு என்ன செய்யும்? 1960 மே 9 ஆந் திகதி அம்மாகாண உயர் நீதிமன்றம், பேரம்பேச வழியற்றவர்மீது சுமத்தப்பட்ட இச்சிற்றெழுத்து செல்லாதென்று தீர்த்தது. வண்டி பயன்படத்தக்கது என்னும் உத்தரவாதம் விற்பனையோடு தானே வருகின்றது. கையெழுத்திட்ட கணவருக்கு மாத்திரமன்றி ஓட்டிச் சென்ற மனைவிக்கும் அது உரியது என்றது.

மரச் சக்கரம் மறைந்து எஃகுச் சக்கரம் வந்தது. குடத்தினுள்ளே கூம்புருளைப் பெயாரிங் புகுந்தது; அதற்கு 1898 இல் காப்புரிமை பெற்ற ஹென்றி டிம்கனும் குதிரை வண்டி செய்தவரே. பல காலம் வண்டியோட்டிகள் குடத்தைக் கழற்றிக் கிறீஸ் இட்டு வந்தனர். இன்று பெரும்பாலான கார்களில் பெயாரிங் முத்திரையிட்ட பெட்டி போல வருகின்றது. உடையவர் திறந்து பார்க்கவும் இயலாது. அதன் காப்பு வளையத்தால் நீர் புகுந்தாலும், பொருத்தும்போது சுத்தியலால் அடித்தாலும், திருகாணியை அளவு தப்பி முறுக்கினாலும் அது காலத்துக்கு முன் கெடும். வீதிக் குழியில் வீழ்ந்தாலும் கெடும். இங்கேதான் பழைய வழக்கு மீண்டும் எழுகின்றது. செய்தவர் குழியைக் காட்டுவார். உடையவர் தொழிற்சாலையைக் காட்டுவார். பெயாரிங்கை அறுத்துப் பார்த்தால் சில வேளை விடை கிடைக்கும். ஓடும் பாதையிலே குண்டுக்குக் குண்டு உள்ள இடைவெளியிற் பள்ளங்கள் வரிசையாகப் பதிந்திருப்பின், வெளியிலிருந்து அடி விழுந்திருக்கின்றது. அது குழியின் அடியா, பட்டறைச் சுத்தியலின் அடியா என்பதை மட்டும் அப்பள்ளங்கள் தனித்துக் கூறா.